யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்: ஆய்வு வரலாறும் உயராய்வின் கடமையும்

1. முன்னுரை

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படிப்போர், நிலத்தின் பெயரும் பரப்பும் நாற்புற எல்லையும் கூறப்பட்ட பின்னர், கிணற்றிற் பங்கும் அதனைச் சார்ந்த வழி வாய்க்கால் உரிமையும் தனியாகக் குறிக்கப்படுதலைக் காண்பர். நிலத்தைத் துண்டாடலாம், கிணற்றைத் துண்டாடுதல் இயலாது. ஆதலால், நிலம் பிள்ளைகளிடையே பங்கிடப்படுந்தோறும் கிணறு பொதுவாய் நின்றது. நீர் இறைக்கும் முறை மாத்திரமே பங்கிடப்பட்டது. ஒரே நீரைப் பலர் பகிர்ந்து வாழ்கின்றனர் என்னும் உண்மையை இவ்வுறுதிகள் ஏற்றுக்கொண்டன. ஆயின், அவ்வுண்மை கிணற்றின் சுவரோடு நின்றுவிட்டது. தன் கிணற்று நீரும் அயலவன் கிணற்று நீரும் நிலத்தின் கீழே ஒன்றே என்பதை எவ்வுறுதியும் கூறவில்லை.

உறுதி கூறாத இவ்வுண்மையைக் கண்டறிந்து கூறுவதே நிலத்தடி நீர் ஆய்வின் வரலாறு எனலாம். இவ்வரலாறு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நீளமுடையது. அதிலே அறிஞர்கள் கேட்ட வினா காலத்துக்குக் காலம் மாறியது. நீர் எங்கிருந்து வருகின்றது என முதலிற் கேட்டனர். அதனை எவ்வாறு பெருக்கலாம் எனப் பின்னர்க் கேட்டனர். அது குடிக்கத் தக்கதா எனப் பிற்காலத்திலே கேட்க நேர்ந்தது. இவ்வினா மாற்றத்தை நோக்கி, நீரையும் சூழலின் நிலைபேற்றையும் பொருளாகக் கொண்டு இன்று கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யப் புகுவோர் மேற்கொள்ளத்தக்க கடமை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலமும் நீரும்

குடாநாடு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மலையில்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. வலிகாமத்திலே வழுக்கையாறு மாரியில் ஓடி அராலிப் பக்கமாகக் கடனீரேரியை அடைந்து, கோடையில் வறண்டு கிடக்கும். ஆண்டுதோறும் பெறும் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழையிற் பெரும் பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றினாற் கிடைப்பது. எஞ்சிய மாதங்களுக்கு மனிதரையும் மாட்டையும் பயிரையும் காப்பது, அம்மழையிலே நிலம் உறிஞ்சி வைத்திருக்கும் பங்கேயாகும்.

அவ்வாறு உறிஞ்சி வைப்பது மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழை நீர் இக்கல்லைக் காலந்தோறும் கரைத்து, அதனுள்ளே வெடிப்புகளையும் குகைகளையும் ஆக்கியுள்ளது. புத்தூர் நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் இக்கரைதலின் வெளித்தோற்றங்கள். மேலே படர்ந்துள்ள செம்மண் நீரை விரைவாகக் கீழிறக்கும் இயல்பினது. எனவே, மாரியிலே கிணறுகள் விரைந்து நிறைகின்றன. இதனை ஒரு பெருவரமாகவே நம் முன்னோர் கண்டனர். ஆயின், நீரை விரைந்து உள்ளே விடும் நிலம், நீரோடு வருவன யாவற்றையும் விரைந்து உள்ளே விடும் என்பதும் மறத்தற்குரியதன்று. இவ்வீரியல்பே இந்நிலத்தின் வளத்துக்கும் அதன் இடருக்கும் ஒருங்கே காரணமாயிற்று.

குடாநாட்டின் நீர் ஒரே படுகையிலே தேங்கியிருப்பதன்று. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு சுண்ணாம்புக்கற் படுகைகளைப் புவிச்சரிதவியலாளர் வேறுபடுத்திக் காட்டுவர். இவற்றுட் பெரியது வலிகாமத்துக்குரியது. சுன்னாகப் படுகை என அது வழங்கப்படும். பயிர்ச்செய்கையும் குடிசனமும் மிகவும் நெருங்கியிருப்பதும் அப்படுகையின் மேலேயே.

3. துலாவின் எல்லை

நீரிறைக்கும் இயந்திரம் வருமுன்னர் கிணற்று நீரை மேலே கொணர்ந்தது துலாவும் மனிதனின் உடல் வலியுமே. ஒருவரோ இருவரோ துலாமீது முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, மற்றொருவர் பட்டையைப் பிடித்து நீரைத் தொட்டியில் வார்ப்பார். வாய்க்கால் வழியே வரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி திருப்பிவிட வேறொருவர் நிற்பார். விடியுமுன் தொடங்கும் இவ்வேலை வெயில் ஏறும் வரை நடைபெறும். புகையிலைக்கும் காய்கறிக்கும் வேண்டிய நீர் இவ்வாறே கிடைத்தது.

இம்முறையைப் பழைமைச் சிறப்பென்று புகழ்தல் எளிது. அதனைச் செய்தவர் யார், எவருக்காகச் செய்தனர் என்பதை நோக்கின் அப்புகழ்ச்சி குன்றும். அது கடும் உழைப்பு. சாதி ஏற்றத்தாழ்வு நிலைபெற்ற சமூகத்திலே அவ்வுழைப்பின் சுமையும் கிணற்றின் உரிமையும் ஒரே கையில் இருக்கவில்லை. பொதுக் கிணற்றிலே நீரள்ளும் உரிமைக்காக இருபதாம் நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது என்பது யாவரும் அறிந்ததே.

எனினும், நீரியல் நோக்கிலே துலாவுக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. அது தன்னியல்பாகவே ஓர் எல்லையை உடையது. மிதிப்பவனின் கால் ஓய்ந்தபோது இறைப்பும் ஓய்ந்தது. கிணறு அடுத்த முறைக்குள் ஊறிக்கொண்டது. சட்டமோ திணைக்களமோ இல்லாமலே நீர் எடுக்கும் அளவு, நீர் ஊறும் அளவை மீறாதிருந்தமைக்கு இது முதன்மையான காரணமாகும். இவ்வெல்லையை எவரும் சிந்தித்து வகுக்கவில்லை. ஆகவே, அது நீங்கிய காலத்திலே அதன் இடத்தில் வேறோர் எல்லையை வைக்கவேண்டும் என்றும் எவருக்கும் தோன்றவில்லை.

4. நன்னீர் வில்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்நாட்டுக்கு வந்த ஐரோப்பிய அலுவலரும் பயணிகளும் நிலாவரைக் கிணற்றைப் பெரும் வியப்புடன் நோக்கினர். சேர் எமேர்சன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலே இக்கிணறு இடம்பெற்றுள்ளது. மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் காணப்படுவதே இக்கிணற்றின் புதுமை. அடியில்லாக் கிணறு என்றும் கடலோடு தொடர்புடையது என்றும் ஊரவர் கூறிவந்த கதைகளுக்கும் இதுவே அடிப்படை.

இதற்குரிய விளக்கம் வேறொரு நாட்டிலே பிறந்தது. அம்ஸ்ரடாம் நகரின் அருகே கிணறு துளைக்கும் முயற்சியொன்றை ஒட்டி, பாடொன் கைபன் என்னும் ஒல்லாந்தர் 1880களின் இறுதியிலே ஒரு குறிப்பினை எழுதினார். 1901 இல் ஹேர்ஸ்பேர்க் என்னும் ஜேர்மானியர் வட கடலோரத்து நீர் வழங்கலை ஆராய்ந்து அதே முடிவை எய்தினார். நன்னீர் கடல் நீரிலும் அடர்த்தி குறைந்தது. ஆதலால், கடல் சூழ்ந்த நிலத்தின் கீழே அது உவர்நீரின்மேல் மிதந்து, நடுவிலே தடித்தும் ஓரத்திலே மெலிந்தும் ஒரு வில்லை போல அமைகின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழம் வரை அது பரந்திருக்கும் என்பதே அவர்கள் கண்ட விதி. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர், இங்கே கோட்டையையும் தேசவழமைத் தொகுப்பையும் விட்டுச்சென்றனர். அவர்கள் நீங்கி ஒரு நூற்றாண்டு கழியுமுன்னர் அவர்தம் நாட்டவர் ஒருவர் கண்ட விதி, யாழ்ப்பாணத்துக் கிணறுகளை விளக்கப் பயன்பட்டமை வரலாற்றின் ஒரு விந்தையே.

இவ்விதியின் மறுபுறமே நமக்கு இன்றியமையாதது. கிணற்று நீர்மட்டத்தை அரை மீற்றர் தாழ்த்தினால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கிலே இருபது மீற்றர் வரை மேலேறக் கூடும். கண்ணுக்குத் தெரியும் சிறு இழப்பு, கண்ணுக்குத் தெரியாத பேரிழப்பாக மாறுகின்றது. குகையும் வெடிப்பும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லிலே இவ்விதி நூற்புத்தகத்தில் உள்ளவாறே செல்லாது. ஓரிடத்திலே உவர்நீர் விரைந்து ஏறும், மற்றோரிடத்திலே ஏறாது நிற்கும். அயல் அயலாக உள்ள இரு கிணறுகளுள் ஒன்று நன்னீராயும் மற்றது சவராயும் இருத்தற்கு இதுவே காரணம். எவ்விடத்தில் எவ்வாறு நிகழும் என்பதைச் சூத்திரத்தாலன்றி அளவீட்டாலேயே அறிதல் கூடும்.

5. கடனீரேரித் திட்டங்கள்

நிலத்தடி நீரைப் பெருக்குவதற்குக் கடனீரேரிகளை நன்னீராக்குதலே வழி என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நிலவியது. 1869 முதல் 1896 வரை வட மாகாண அரசாங்க அதிபராக இருந்த துவைனம் இதில் ஊக்கங் காட்டியவருள் ஒருவர். மாரி நீர் கடலிற் சேராவண்ணம் தடுத்து, உவர்நீர் உட்புகாவண்ணம் மறித்தால், கடனீரேரியின் உவர் ஆண்டுக்கு ஆண்டு குறையும்; சூழவுள்ள கிணறுகளும் வயல்களும் நன்மை பெறும் என்பதே இவ்வெண்ணத்தின் சாரம். நெடுங்காலம் கடிதங்களிலே கிடந்த இது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தொண்டைமானாற்றிலே கதவுகளையுடைய தடுப்பணை கட்டப்பட்டபோது செயலுருப் பெற்றது.

இவ்வெண்ணத்தை ஒரு முழுமையான திட்டமாக வளர்த்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் ஆவர். 1954 இல் அவர் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் கருத்து இன்றும் மக்களிடையே பேசப்படுகின்றது. வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடனீரேரியிலே கலந்து வீணே கடலை அடைகின்றது. அக்கடனீரேரியைக் கிழக்கிலே சுண்டிக்குளத்தில் மறித்து நன்னீர்த் தேக்கமாக்குதல். அதிலிருந்து முள்ளியானூடாக ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்கு நீரைக் கொணர்தல். அங்கிருந்து உப்பாற்றுக்கு விடுதல். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகளால் உவர்நீரை விலக்குதல் என்பன அத்திட்டத்தின் உறுப்புகள். இல்லாத ஆறொன்றை இருக்கின்ற கடனீரேரிகளைத் தொடுத்து ஆக்கும் இக்கற்பனை பொறியியலாளர்க்கு உரிய துணிவினைக் காட்டுவது.

வேலை 1960களிலே நடைபெற்றது. ஆயின் முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. சுண்டிக்குளத்து அணையும் பின்னர் உடைப்பெடுத்தது. ஒரு சங்கிலியின் நடுக்கண்ணி இல்லாதபோது ஏனைய கண்ணிகள் தனித்தனியே கிடந்தன. திட்டம் நிறைவேறாமையினால், அதன் நன்மை எத்துணை, உவர் நீங்க எத்தனை மாரி செல்லும், கடனீரேரியிலே இறாலும் மீனும் பிடித்து வாழ்வோர்க்கு நேர்வது யாது என்னும் வினாக்கள் விடையின்றி நின்றன. அவை இன்றும் நிற்கின்றன.

6. இயந்திரமும் உரமும்

கடனீரேரி பற்றிய விவாதம் நடந்துகொண்டிருந்த அதே காலத்திலே, கிணற்றடியிலே அமைதியாக ஒரு பெரு மாற்றம் நிகழ்ந்தது. 1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் துலாவின் இடத்தைப் பெற்றது. பலர் விடியற்காலம் முழுவதும் இறைத்த நீரை இயந்திரம் சிறிது நேரத்திலே இறைத்துத் தந்தது. துலா மிதித்தோர் அவ்வுழைப்பினின்றும் விடுபட்டமை மகிழ்தற்குரியதே. ஆனால், கால் ஓய்தலினால் உண்டான எல்லை அன்றோடு அழிந்தது.

இதனோடு பொருளாதார நிலைமையும் சேர்ந்தது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. குடாநாட்டு விவசாயி இதுகாலவரை காணாத விலையைக் கண்டான். ஒரு போகம் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. குழை தாழ்த்தும், எரு இட்டும், ஆட்டுப்பட்டி அடைத்தும் நிலத்தை உரப்படுத்திய வழக்கோடு யூரியா முதலிய இரசாயன உரங்கள் சேர்ந்தன. விரைவிலே அவையே முதன்மை பெற்றன. 1977 இன் பின் இறக்குமதிக் கொள்கை தளர்ந்தபோது விலை வீழ்ந்தது. ஆயின், இயந்திரமும் உரமும் நிலைத்துவிட்டன. படித்த இளைஞர் பலருக்குத் தோட்டமே தொழிலாக வாய்த்த இக்காலத்தைச் செழிப்பின் காலமென நம் பொருளியல் வரலாறு கூறும். அது பொய்யன்று. அச்செழிப்பின் செலவுக் கணக்கு நிலத்தின் கீழே எழுதப்பட்டது என்பதும் பொய்யன்று.

அக்கணக்கைப் படிக்கும் முயற்சியும் இக்காலத்திலேயே தொடங்கிற்று. 1964 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீர்வள சபை தாபிக்கப்பட்டது. பாலேந்திரன், சிறிமான, ஆறுமுகம் ஆகிய மூவரும் எழுதிய ‘யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர்’ என்னும் அறிக்கையை அச்சபை 1968 இல் வெளியிட்டது. ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் 1965 முதல் 1974 வரையிலான காலத்தைச் சர்வதேச நீரியற் பத்தாண்டாகக் கொண்டாடிய வேளை அது. நீரியல் ஒரு தனி அறிவுத்துறையாக உலகெங்கும் மதிப்புப் பெற்றது. நெதர்லாந்தின் டெல்வ்ற் நகரிலே 1957 இல் தொடங்கிய சர்வதேச நீரியற் கல்வி நிலையம் போன்றவை வளர்முக நாடுகளின் பொறியியலாளர்க்கு உயர்கல்வி வழங்கின.

7. நீரின் தன்மை

1974 இல் யாழ்ப்பாணத்திலே பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பட்டமையும், 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயினமையும் இவ்வரலாற்றிலே முக்கியமானவை. அதுவரை அலுவலக அறிக்கையாக இருந்த நிலத்தடி நீர், இனி மாணவரின் ஆய்வுப் பொருளாகவும் ஆயிற்று. ஏறத்தாழ இதே காலத்திலேதான் வினாவும் மாறியது. எவ்வளவு நீர் என்பதைவிட எத்தகைய நீர் என்பது முன்னின்றது.

1980களிலே குடாநாட்டுக் கிணற்று நீரின் நைத்திரேற்று அளவு பற்றிப் பல ஆய்வுகள் வெளிவந்தன. மகேஸ்வரனும் மகாலிங்கமும் 1983 இலும், நாகராஜாவும் அவருடன் சேர்ந்தோரும் 1988 இலும் எழுதிய கட்டுரைகள் அவற்றுட் குறிப்பிடத்தக்கன. செறிவாகப் பயிரிடப்படும் செம்மண் பிரதேசங்களின் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று குடிநீருக்கு உரிய எல்லையைக் கடந்துள்ளமை இவ்வாய்வுகளாற் புலப்பட்டது. உரம் மாத்திரம் இதற்குக் காரணமன்று. வளவுக்கு வளவு கிணறும் அதன் அயலிலே மலக்குழியும் அமையும் குடியிருப்பு முறையும் நீருக்கு நைதரசனைச் சேர்ப்பது. 

நைத்திரேற்று நிறமும் மணமும் அற்றது. சுவையாலும் அறிதல் அரிது. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி அழியும், நைத்திரேற்று அழியாது, நீர் ஆவியாகக் குறைய அதன் செறிவு கூடும். தாயொருத்தி நன்மை கருதிக் கொதிக்கவைத்த நீரிலே பால்மாவைக் கரைத்துக் குழந்தைக்கு ஊட்டும்போது, அவள் அறியாமலே தீங்கு நேரலாம். குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் வலியிழந்து உடல் நீலம் பாரிக்கும் நோய்க்கும் கிணற்று நீரின் நைத்திரேற்றுக்கும் உள்ள தொடர்பை ஐக்கிய அமெரிக்காவிலே கொம்லி என்னும் மருத்துவர் 1945 இல் எடுத்துக்காட்டினார். ஊரார் ‘நல்ல தண்ணீர்’ என்று நாவினாற் கண்ட முடிவு இங்கே பயன்படாது. பல நூற்றாண்டுகளாக நம்மவர் நீரைத் தெரிந்தெடுத்த முறை முதன்முறையாகத் தோல்வியுற்ற இடம் இது.

8. அறுந்த பதிவு

இவ்வினா கூர்மை பெற்ற வேளையிலேயே போர் வந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 1990 இலே வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர்; அவர்தம் கிணறுகள் நெடுங்காலம் எவரும் அணுகவியலா நிலத்தினுள்ளே கிடந்தன. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஒருங்கே வெளியேறினர். 1990களிலே எரிபொருளும் உரமும் குடாநாட்டுக்கு வருதல் பெரிதும் தடைப்பட்டது. நீரியலாளன் ஒருவன் விரும்பினும் நடத்தமுடியாத பரிசோதனை இது: இறைப்பும் உரமும் ஒருங்கே குறைந்தால் நிலத்தடி நீர் எத்தனை ஆண்டுகளிலே தெளியும்? மக்கள் சொல்லொணாத் துன்பத்தின் நடுவே வாழ்ந்த அக்காலத்திலே இடையறாத அளவீட்டை எதிர்பார்த்தல் தகாது. எனினும், இழந்தவற்றுள் இவ்வறிவும் ஒன்று.

போர் ஓயாத நிலையிலும் ஆய்வு முற்றாக அற்றுவிடவில்லை. வலிகாமத்து நிலத்தடி நீரின் தன்மை பற்றி இராஜசூரியர் முதலிய நால்வர் எழுதிய கட்டுரை 2002 இல் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. 2009 இல் போர் முடிந்தபின் ஆய்வுகள் பெருகின. ஆனால், பதிவு அறுந்தமையின் விளைவு சுன்னாகத்திலே வெளிப்பட்டது.

சுன்னாகத்து அனல் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளிலே எண்ணெய் கலந்துள்ளது என்னும் முறைப்பாடு 2015 அளவிலே பெரும் மக்கட் கிளர்ச்சியாயிற்று. வெவ்வேறு குழுக்கள் நீரைப் பரிசோதித்தன. அவற்றின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. குடிக்கலாமா கூடாதா என்னும் எளிய வினாவுக்கு ஒருமித்த விடை பெறாமல் மக்கள் தத்தளித்தனர். 2019 இல் நாட்டின் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியோரே அதன் செலவைத் தாங்குதல் வேண்டும் என்னும் நெறியை ஏற்று, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு தீர்ப்பளித்தது. நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. அறிவுலகம் தன் கடமையைச் செய்ததா என நாம் கேட்டல் வேண்டும். ஒரே கிணறுகள் ஆண்டுதோறும் அளக்கப்பட்டு, முன்னைய நிலை எழுத்திலே இருந்திருப்பின், ஒப்புநோக்கி உண்மை காண்டல் இத்துணைக் கடினமாயிராது. நோயாளியை முதன்முதலாக அவன் நோயுற்ற நாளிலே காணும் மருத்துவனின் நிலையிலே ஆய்வாளர் இருந்தனர்.

குடாநாட்டுக்கு வெளியிலிருந்து நீர் பெறும் முயற்சியும் இக்காலத்தில் நடந்தது. இரணைமடுக் குளத்து நீரைக் குடிநீராகக் கொணரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். தம் வயலுக்கே போதாத நீரைப் பகிர அவர்கள் அஞ்சியமை இயல்பே. பின்னர், 2024 இல் வடமராட்சி கிழக்கின் தாளையடியிலே கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. இது தேவையான உதவியே. ஆயினும், குழாய் நீர் வந்தமையினாற் கிணற்றை மறத்தல் கூடும் என எண்ணுதல் தவறு. தோட்டம் கிணற்று நீரிலேயே தங்கியிருக்கும். மறக்கப்பட்ட கிணறு குப்பைக் குழியாவதும் எளிது.

9. உயராய்வு செய்யவேண்டுவது

இவ்வரலாற்றிலிருந்து, கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு மேற்கொள்ளும் மாணவன் கொள்ளத்தக்க படிப்பினைகள் சில உண்டு.

முதலாவது, காலம் பற்றியது. ஓர் ஆய்வேடு மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் முடிவுறும். அதற்குள் மூன்று மாரியைக் காணலாம். நிலத்தடி நீரோ பத்தாண்டுக் கணக்கிலே மாறுவது. ஒவ்வொரு மாணவனும் தனக்கு வசதியான புதிய கிணறுகளைத் தெரிந்து, மாதிரி எடுத்து, பட்டம் பெற்று நீங்கினால், பல ஆய்வேடுகள் சேரும். ஒரு வரலாறு சேராது. முன்னையோர் அளந்த கிணறுகளையே மீண்டும் அளத்தல் புதுமையற்ற வேலை எனத் தோன்றலாம். நம் நிலைமையிலே அதுவே பெரும் புதுமையாகும். பல்கலைக்கழகம் சில கிணறுகளை நிரந்தரமாகத் தெரிந்து, வரும் மாணவர் அவற்றின் பதிவை வழிவழியாகக் கையேற்கும்படி ஒழுங்கு செய்தல் வேண்டும்.

இரண்டாவது, பழைய பதிவுகளைப் படிக்கும் முறை. ஒரு கட்டுரை நைத்திரேற்றை நைதரசனாகக் கணித்துக் கூறும். மற்றொன்று நைத்திரேற்றாகவே கூறும். முன்னையதில் 10 மில்லிகிராம் என்பது பின்னையதில் ஏறத்தாழ 44 மில்லிகிராமாகும். இதனை உணராது இரு காலத்து எண்களை அருகருகே வைப்பவன், இல்லாத மாசினைக் காண்பான். அல்லது இருக்கும் மாசினைக் காணான். அவ்வாறே நீர்மட்டத்தைக் கிணற்றுக் கட்டிலிருந்து அளந்தனரா, நிலத்திலிருந்து அளந்தனரா, கடல் மட்டத்தோடு ஒப்பிட்டனரா என்பதும் நோக்கத்தக்கது. கட்டினை உயர்த்திக் கட்டியதும் நீர்மட்டம் தாழ்ந்ததாகத் தோற்றும். இவை வரலாற்று மாணவன் சாசனத்தை வாசிக்கும்போது கைக்கொள்ளும் விழிப்புக்கு ஒப்பானவை.

மூன்றாவது, துறை எல்லை பற்றியது. சுண்ணாம்புக்கல் புவிச்சரிதவியலுக்கும், உரம் விவசாய விஞ்ஞானத்துக்கும், மலக்குழி பொறியியலுக்கும், பங்குக் கிணறு சட்டத்துக்கும், கிணற்றுரிமைப் போராட்டம் சமூகவியலுக்கும் உரியன எனப் பீடங்கள் பிரித்துக்கொள்ளும். நீர் அவ்வாறு பிரியாது. ஆய்வாளன் ஒரு துறையிலே ஆழ்ந்திருத்தல் வேண்டும். ஆயின், அயற்றுறையின் வினாவை விளங்கிக்கொள்ளும் அளவு கல்வியும் அவனுக்கு வேண்டும். துலாவின் எல்லையைப் பற்றி இரசாயனம் மாத்திரம் கற்றவன் அறியான்; உவர்நீர் ஏறுதலைப் பற்றி வரலாறு மாத்திரம் கற்றவன் அறியான்.

நான்காவது, மொழியும் கடப்பாடும். அறிக்கைகள் ஆங்கிலத்திலே எழுதப்பட்டன. கிணற்றின் உரிமையாளர் தமிழிலே வாழ்கின்றனர். வாளியோடு வந்து நீரெடுத்துச் சென்றவர் அதன் முடிவை அறிவிக்கத் திரும்பி வரவில்லை என்னும் குறை ஊர்களிலே கேட்கப்படுகின்றது. வளவினுட் புகுந்து நீர் எடுக்க இசைந்தவர், தம் குழந்தை அந்நீரைக் குடிக்கலாமா என அறியும் உரிமையுடையவர். ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழிலே எழுதிக் கிணற்றடிக்குக் கொண்டு சேர்த்தல், பட்டத்தின் விதியிலே இல்லாவிடினும் ஆய்வறத்தின் விதியிலே உள்ளதாகும். அவ்வாறு செல்பவன் வெறுங்கையோடு திரும்பான். எந்த ஆண்டிலே கிணறு சவராயிற்று, எந்த ஆண்டிலே இயந்திரம் வாங்கினர், எந்த மாரியிலே நீர் கட்டுக்கு மேலே வந்தது என்பன முதியோர் நினைவிலே உள்ளன. அறுந்த பதிவை ஓரளவு முடிச்சிட உதவுவது அந்நினைவே. அதனை உடையோர் குறைந்துவருகின்றனர்.

10. முடிவுரை

குடாநாட்டு நீரின் வரலாற்றிலே மூன்று எல்லைகள் தோன்றுகின்றன. துலாவின் எல்லை மனித உடலினால் அமைந்தது. அது போயிற்று, மீண்டும் வருதலை எவரும் விரும்பார். கடனீரேரித் திட்டம் எல்லையை அகற்ற முயன்றது, முற்றுப்பெறவில்லை. இனி வேண்டப்படுவது அறிவினால் அமையும் எல்லை. எவ்வளவு இறைக்கலாம், எவ்வளவு உரமிடலாம், கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எத்துணைத் தூரம் வேண்டும் என்பவற்றை அளந்து, மக்கள் ஏற்கும் வண்ணம் எடுத்துரைப்பதனால் உண்டாகும் எல்லை அது. சட்டம் அதற்குப் பின்னரே வரமுடியும். அளவீடில்லாச் சட்டம் ஏட்டிலே நிற்கும்.

நம் முன்னோர் கிணற்றிற் பங்கினை உறுதியிலே எழுதினர். அயற்கிணறு யாவும் ஒரே நீரின் வாய்கள் என்பதை நாம் இன்று அறிவோம். அவ்வறிவினை ஆண்டுதோறும் எழுதிச் செல்லும் ஏடு ஒன்று இன்னும் நமக்கு இல்லை. அதனைத் தொடங்கி வைப்பவர் எழுதும் முதற் பக்கம் ஒரு கலாநிதிப் பட்டத்துக்குப் போதுமானதாகலாம்; பின்வரும் பக்கங்களை எழுதுவோர்க்கு இடம் விட்டு எழுதுவதே அவர் தம் நிலத்துக்குச் செய்யும் தொண்டாகும்.